யார் கையிலிருந்து வாங்குகிறோம்?

(நமது மருத்துவமனையின் ஆதரவாளர்கள் ஆண்டுக் கூட்டத்தில் மருத்துவமனைச் சாப்ளின் ஐயா அவர்கள் ஆற்றிய உரை. நேரில் வர இயலாத நண்பர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)



ஒவ்வொரு வருடமும் இந்தக் கூட்டத்தில் எனக்குக் கொடுக்கப்படுகிற வேலை ஒன்றே ஒன்றுதான். டாக்டர் அம்மா வருட அறிக்கையை வாசிப்பார்கள், பொருளாளர் கணக்குச் சொல்வார், அதற்குப் பிறகு சாப்பாட்டு மணி அடிக்கிறவரைக்கும் நான் தேவசெய்தி கொடுக்கவேண்டும். இந்த வருடம் செயலாளர் என்னிடம் வந்து, "ஐயா, தாழ்மையைப் பற்றிப் பேசுங்கள். உங்களுக்குப் பொருத்தமான தலைப்பு" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் மிகவும் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் என் மனைவியிடமும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடமாக ஒரு போதகரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அதற்குமேல் பேசவேண்டிய அவசியம் இல்லை.

ஆகையால் என் வியாதியிலிருந்தே தொடங்குகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னே நமது ஆண்கள் பொது வார்டில் விழுப்புரம் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். ஈரல் கெட்டுப்போய் வயிறு வீங்கி, டாக்டர்கள் கையை விரித்துவிட்ட நிலை. நான் தினமும் அவர் படுக்கைக்குப் போய் வேதம் வாசித்து ஜெபித்து வந்தேன். அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். ஓர் இரவு பதினோரு மணிக்கு நைட் டியூட்டி சிஸ்டர் ஆள் அனுப்பினார்கள். நான் அங்கியைப் போட்டுக்கொண்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போனேன். பெரியவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஐயா, நீங்க போய்ப் படுங்க. அந்த ஆயாம்மாவை வரச் சொல்லுங்க. அது ஜெபம் பண்ணட்டும்" என்றார்.

அவர் கேட்டது எங்கள் வார்டைக் கூட்டித் துடைத்து, பெட்பேன் எடுக்கிற அம்மாவை. அவர்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். அவர் தலையில் கை வைத்தார்கள். நாலே நாலு வார்த்தை ஜெபம். அதில் ஒரு வேதவசனத்தைச் சொன்னபோது பாதியை வேறொரு வசனத்தோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு அது தெரிந்தது. பிரியமானவர்களே, ஒரு மனுஷன் என் கண்முன்னே பிராணனை விட்டுக்கொண்டிருக்கிறான். நான் அந்த அம்மாளின் ஜெபத்தில் பிழை பார்த்துக்கொண்டு நிற்கிறேன்! நாலு வருடம் இறையியல் கல்லூரியில் கிரேக்கமும் எபிரேயமும் படித்து நான் கற்றுக்கொண்டது அந்த ராத்திரியில் அதற்குத்தான் உதவிற்று.

பெரியவர் விடியுமுன் மரித்துப்போனார். எனக்கு ஒரு வாரம் மனம் ஆறவில்லை. அவர் மரித்ததற்காக அல்ல. என்னைக் கேட்கவில்லையே என்று.

பணத்தினால் வருகிற பெருமையை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கார், சங்கிலி, மாடி வீடு, கண்ணுக்குத் தெரியும். படிப்பினால் வருகிற பெருமையும் இரண்டு நிமிடப் பேச்சில் வெளியே வந்துவிடும். ஆவிக்குரிய பெருமை அப்படிப்பட்டதல்ல. அது வெள்ளை உடுத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும். நம்முடைய ஆண்டவர் சொன்ன உவமையில் தேவாலயத்திலே ஜெபிக்கப்போன அந்தப் பரிசேயன் தன்னை மெச்சிக்கொண்டான் என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். அவனைக் கேட்டால், "நான் எங்கே என்னை மெச்சிக்கொண்டேன், நான் தேவனுக்கல்லவா நன்றி சொன்னேன்" என்பான். அவன் சொல்வது சரிதான். அது ஒரு ஸ்தோத்திர ஜெபம். உபவாசம் இருந்தது பொய்யல்ல, தசமபாகம் கொடுத்தது பொய்யல்ல. பக்கத்தில் நின்ற ஆயக்காரனை அளவுகோலாக வைத்துக்கொண்டதுதான் அவனைக் கெடுத்தது. இந்த உவமையை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டுவிட்டு, "நல்லவேளை, நான் அந்தப் பரிசேயனைப்போல இல்லை" என்று வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பிரசங்கத்தைச் செய்துவிட்டு அப்படிப் போனவன் நான்.

நம்முடைய தமிழ்ச் சபைகளில் தாழ்மைக்கு ஒரு பாஷையே உண்டு. "அடியேன்" என்போம். "தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறோம்" என்று நோட்டீஸ் அடிப்போம். "எளிய ஊழியன்" என்று லெட்டர்ஹெட்டில் போட்டு, அதற்குக் கீழே பட்டங்களையெல்லாம் வரிசையாக அச்சடிப்போம். என் பழைய லெட்டர்ஹெட் ஒரு கட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை.

சரி, என் கதை போதும். நம்முடைய ஊரின் கதைக்கு வருகிறேன். இந்தப் புதுச்சேரியில், நீங்கள் இன்று பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கடந்து வந்த தெருக்களில், இந்தக் காரியம் முந்நூறு வருடத்துக்கு முன்னே நடந்திருக்கிறது.

மிஷன் வீதியில் இருக்கிற பெரிய கோவிலைச் சம்பா கோவில் என்கிறோம். பரிசுத்த பவுல் என்கிற பேர், பிரெஞ்சிலே "சேன் போல்" என்று வந்து, நம்முடைய ஜனங்கள் வாயில் "சம்பா" ஆயிற்று. இயேசுசபைக் குருமாரைப் பவுல் பாதிரிமார் என்று அழைத்த காலம் அது. துய்மா வீதிப் பக்கம் போனால் கப்ஸ் கோவில். அது கப்புச்சின் சபைக் குருமாருடையது. இந்த இரண்டு கூட்டத்தாருக்கும் இந்தச் சின்ன ஊருக்குள்ளே ஓயாத வழக்கு. தமிழ்க் கிறிஸ்தவர்களை யார் மேய்ப்பது என்று ஆரம்பித்து, யாருடைய ஊழியம் சுத்தமானது என்பதுவரைக்கும் போயிற்று. ரோமாபுரிவரைக்கும் மனுப்போட்டார்கள்.

இயேசுசபைக் குருமாரைப் பற்றி நான் குறைவாகப் பேசமாட்டேன். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தமக்குத் தத்துவ போதகர் என்று பேர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, மாம்சம் தொடாமல், ஒரு வேளை சாப்பிட்டுச் சந்நியாசியாக வாழ்ந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த வழியில் நடந்தார்கள். நம்மில் யாரால் அப்படிப் பத்து நாள் இருக்க முடியும்? எங்களை, சீர்திருத்த சபைப் போதகர்களைக்கூட, ஜனங்கள் இன்றைக்கும் "ஐயர்" என்று கூப்பிடுகிறார்கள். பிராமண சந்நியாசியைப்போல வாழ்ந்த அந்தக் குருமாரின் காலத்து வாசனை அந்தச் சொல்லில் இருக்கிறது. என்னை யாராவது "ஐயரே" என்றால் நான் திரும்பிப் பார்க்கிறேன் அல்லவா?

அவர்கள் வாழ்க்கையில் தாழ்மை நிச்சயமாக இருந்தது. ஆனால் அந்தத் தாழ்மையான வாழ்க்கைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. உயர்ந்த குலத்தார் தங்களைச் சந்நியாசி என்று மதிக்கவேண்டுமானால், சேரிக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. 1640 வாக்கில் சேரி ஜனங்களுக்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனிப்பிரிவுக் குருக்களை ஏற்படுத்தினார்கள். அப்படியும் சேரியில் ஒருவன் சாகக்கிடந்தால் குருவானவர் அவன் குடிசைக்குள் போவதற்குத் தயக்கம் இருந்தது. நோயாளியை வெளியே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவனுக்கு இந்த இடத்தைத் தாண்டிப்போக முடியவில்லை. காய்ச்சலில் நடுங்குகிற ஒருவனை, மூச்சு வாங்குகிற ஒரு கிழவியை, கயிற்றுக்கட்டிலோடு வாசலுக்குத் தூக்கி வருகிறார்கள். ஆத்தும வைத்தியர் வெளியே நிற்கிறார். அவர் கெட்டவர் அல்ல, தன் சுகத்தைத் தேடினவர் அல்ல. அநேக ஆத்துமாக்களை ஆதாயப்படுத்தவேண்டும் என்கிற வைராக்கியத்தினாலேயே அந்தக் குடிசையின் வாசற்படியைத் தாண்டாமல் நிற்கிறார்.

1703-ம் வருடம் நவம்பர் 6-ம் தேதி போப்பாண்டவருடைய பிரதிநிதியாக தூர்னோன் என்பவர் சீனாவுக்குப் போகிற வழியில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். இறங்கினவர் நோயில் விழுந்தார். ஏறக்குறைய எட்டு மாதம் இந்த ஊரிலே தங்கியும், உள்நாட்டு மிஷன்களைக் கண்ணால் பார்க்க அவருக்குச் சரீரம் இடங்கொடுக்கவில்லை. குருமாரை அழைத்து விசாரித்து, 1704 ஜூன் 23-ம் தேதியிட்டு ஒரு கட்டளைப் பத்திரம் எழுதினார். அதிலே பல காரியங்கள் உண்டு. சிலவற்றை வாசிக்கிறபோது நம்முடைய ஜனங்களின் பழக்கவழக்கங்களை அவர் விளங்கிக்கொள்ளவில்லையே என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு கட்டளை இருக்கிறது. எவ்வளவு தாழ்ந்த குலத்தாராக எண்ணப்பட்டாலும், வியாதியாய்க் கிடக்கிற கிறிஸ்தவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ச் சந்தித்து, திருவருட்சாதனங்களைக் கொடுக்கவேண்டும் என்பது அது.

படுக்கையில் கிடந்த ஒருவர்தான் அதை எழுதினார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளுவதுண்டு. நோய் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்ததா என்று சரித்திரக்காரர்கள் சொல்லமாட்டார்கள். ஆனால் தலைமாட்டில் யாராவது வந்து நிற்பார்களா என்று காத்துக்கிடக்கிற நேரம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்தக் கட்டளைமேல் நாற்பது வருடம் வழக்கு நடந்தது. கடைசியாக 1744 செப்டம்பரில் போப்பாண்டவர் பதினாலாம் பெனடிக்ட் முடிவான ஆணை கொடுத்தார். சேரி ஜனங்களுக்குத் தனிக் குருமார் இருக்கலாம் என்கிற ஏற்பாட்டுக்கு அந்த ஆணையிலும் இடம் இருந்தது. குடிசைக்குள் யாராவது ஒருவர் போய்விட்டால் போதும், எல்லாரும் போகவேண்டியதில்லை! நம்முடைய சபைகளில் கமிட்டிகள் முடிவெடுக்கிற விதம் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

அடுத்த வருடம், 1745 அக்டோபரில், அந்தச் சம்பா கோவிலுக்குள்ளேயே நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம்முடைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்ல, வைணவர். நம்முடைய சண்டையை வெளியே நின்று பார்த்தவர். அப்போது கோவிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் சேரிக் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரரும். காரைக்காலிலிருந்து ஒரு பாதிரியார் வந்துபோனதை ஒட்டி, சேரி ஜனங்கள் திரண்டு பெரிய பாதிரியாரிடம் போய், நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே, எங்களுக்கு ஏன் சுவர் என்று கேட்டார்கள். அவர் நியாயம் என்று கண்டு சுவரை இடிக்கச் செய்தார்.

இதோடு கதையை நிறுத்தினால் பிரசங்கத்துக்கு எவ்வளவு சௌகரியம்! ஆனால் நாட்குறிப்பு அங்கே நிற்கவில்லை. கொஞ்ச நாளில் உயர்குடிப் பெண்மணி ஒருவர் மெல்லிய சேலை உடுத்தி, நகை அணிந்து, வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு கோவிலுக்கு வந்தார். பூசை நடத்தின பாதிரியார் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்த பிரம்பை அந்த அம்மாளின் கொண்டையில் நுழைத்து, சபை முன்பாகக் கேவலமாகப் பேசினாராம். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள், கோவிலுக்கு வரமாட்டோம் என்றார்கள். அப்போது கவர்னராக இருந்த துய்ப்ளே துரை, அவர்கள் கூட்டமாகக் கூடிப் பேசினால் பிடித்து அடைக்கச் சொன்னார்.

சுவரை இடித்த கையிலே பிரம்பு! மற்றவர்களுக்குத் தாழ்மையைக் கற்றுக்கொடுக்கப் புறப்படுகிறவனுக்கு வருகிற சோதனை இது. அவன் பக்கம் நியாயம் இருக்கிறபடியால் தன் பெருமை அவனுக்குத் தெரிவதே இல்லை. அந்தச் சுவர் இடியவேண்டிய சுவர்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அம்மாள் வீட்டுக்குப் போய் அழுதிருப்பார்களே, அதையும் கர்த்தர் கேட்டிருப்பார்.

அந்தக் கட்டடம் இன்றைக்கு இல்லை. 1761-ல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து இடித்தபோது அதுவும் போயிற்று. இன்று நாம் பார்க்கிற கோவில் 1791-ல் கட்டி முடிந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிற நம்மில் சிலர், "அது கத்தோலிக்கர் கதை, நம்முடைய சபைகளில் அப்படியில்லை" என்று சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பதை இங்கிருந்தே பார்க்கிறேன். காரைக்காலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் தரங்கம்பாடி. சீகன்பால்கு ஐயர் 1706-ல் வந்து இறங்கின இடம். நம்முடைய சபைகளின் தாய்வீடு. அங்கே நடந்ததையும் கேளுங்கள்.

ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சாவூர் ராஜாவின் சேனையில் போர்ச்சேவகர். பறையர் குலத்தார். கத்தோலிக்கராக இருந்தவர் கையில் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு கிடைத்தது. அதை வாசித்து, தரங்கம்பாடியாரைத் தேடிவந்து சேர்ந்தார். 1720-களின் கடைசியிலே உபதேசியாரானார். தஞ்சாவூர்ச் சீமையில் மிஷனெரிமார் சுலபமாக நுழைய முடியாத காலத்தில், எதிர்ப்புகளுக்கு நடுவே நடந்து நடந்து சபைகளைக் கட்டினவர் அவர். மிஷனெரிமாரே அவரை மெச்சி எழுதினார்கள்.

1733 டிசம்பரில் ஆரோன் ஐயருக்கு அபிஷேகம் ஆயிற்று. புரொட்டஸ்டண்டு சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர், வேளாளர். 1741-ல் இரண்டாவது ஒருவரைத் தெரிந்தெடுக்கவேண்டி வந்தபோது ராஜநாயக்கன் பேரும் ஆலோசனைக்கு வந்தது. கடைசியில் தியோகு என்பவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கனுக்குக் கொடுக்கவில்லை. காரணம் என்ன? பக்தி குறைவா? அறிவு குறைவா? அவர் கையினால் கர்த்தருடைய பந்தியைக் கொடுத்தால் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் மதிப்போடு வாங்கமாட்டார்களே என்று மிஷனெரிமார் பயந்தார்கள். அவர்கள் வாயினால் பிரசங்கம் கேட்கலாம். அவர் கையிலிருந்து அப்பம் வாங்கக்கூடாது.

இந்த இடத்துக்குத்தான் உங்களை அழைத்துவர விரும்பினேன். கொடுக்கிறபோது நாம் எல்லாரும் தாழ்மையாகத்தான் இருக்கிறோம். ஏழைக்குக் குனிந்து கொடுக்கிறோம், வியாதியஸ்தனுக்கு உட்கார்ந்து ஊட்டுகிறோம். குனிந்தாலும் நம்முடைய கை மேலேதான் இருக்கிறது. வாங்குகிறபோதுதான், யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்கிற கேள்வியில்தான், உள்ளே இருப்பது வெளியே வருகிறது. ஆண்டவர் பாத்திரத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்தபோது பேதுருவுக்கு எது கஷ்டமாக இருந்தது? மற்றவர் காலைக் கழுவச் சொல்லியிருந்தால் முதல் ஆளாகத் துண்டைக் கட்டியிருப்பார். தம்முடைய காலை நீட்டுவதுதான் முடியவில்லை.

ராஜநாயக்கன் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கோபித்துக்கொண்டு போகவில்லை. பட்டம் கிடைக்காமலே உபதேசியாராகவே வேலை செய்து 1771-ல் மரித்தார். நாற்பது வருடத்துக்கு மேலான ஊழியம். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. தாழ்த்தப்பட்டவர்களிடம் போய், "பார், ராஜநாயக்கனைப்போல் பொறுமையாக இரு" என்று நாம் உபதேசம் பண்ண அவர் பேரை எடுத்துவிடக்கூடாது. அவருடைய பொறுமை அவருக்கு மகிமை. அதனால் தரங்கம்பாடியாரின் பயம் நியாயமாகிவிடாது. தாழ்மை என்பது மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்கு எழுதிக்கொடுக்கிற மருந்துச்சீட்டு அல்ல. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிடவேண்டும் என்று நிருபம் எழுதினார். அதை ஏற்கமாட்டோம் என்று தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எவ்வளவு பேர் சபையைவிட்டுப் போனார்கள்! அப்படிப் போனவர்களும் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். அதுதான் எனக்குத் துக்கம்.

இப்போது நம்முடைய மருத்துவமனைக்குத் திரும்புகிறேன்.

சில வருடத்துக்கு முன் வெளியூர்ச் சபை மூப்பர் ஒருவருக்கு இங்கே அவசர ஆப்பரேஷன். எந்தச் சபை, எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அவசரமாக ரத்தம் வேண்டியிருந்தது. அவருடைய உறவினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, நம்ம சபை ஆட்கள் யாராவது கொடுக்க முடியுமா? வெளியே யார் யாரோ கொடுத்திருப்பார்கள்" என்று இழுத்தார். நான் அவரை ரத்தவங்கிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்தப் பையின்மேல் ஒட்டியிருக்கிற சீட்டைக் காட்டினேன். ரத்த வகை, எண், எடுத்த தேதி, கெடுதேதி, பரிசோதனை முடிவு. கொடுத்தவர் பேர் அதில் இல்லை. ஊர் இல்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசவில்லை. மூப்பர் பிழைத்துக்கொண்டார். போகும்போது மருத்துவமனைக்கு ஒரு நல்ல காணிக்கையும் கொடுத்தார், ரசீதில் அவருடைய பேர், தகப்பனார் பேர், ஊர், சபை எல்லாம் தெளிவாக எழுதி வாங்கிக்கொண்டு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவருடைய காணிக்கையில்தான் அந்த மாதம் குழந்தைகள் வார்டுக்கு மருந்து வாங்கினோம். ஆகையால் அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. கட்டில்மேல் பேர் எழுதவேண்டும், சலவைக்கல்லில் பெற்றோர் நினைவாகப் பொறிக்கவேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். தாயின் பேரை ஒரு கட்டிலில் பார்ப்பதில் பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு, அதை நான் பெருமை என்று சொல்லமாட்டேன். நான் கேட்பது வேறொன்று. என்றைக்காவது அந்தக் கட்டிலில் நீங்களே வந்து படுப்பீர்களா? பொது வார்டில், பேர் எழுதின அதே கட்டிலில்?

இப்படி மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, போன வருடம் கர்த்தர் அந்தக் கட்டிலையே கொடுத்தார். குடலிறக்கம். ஆப்பரேஷன் செய்யவேண்டும் என்றார்கள். அந்த வாரம் தனி அறை ஒன்றும் காலியில்லை. "ஐயா, இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, நான் முப்பது வருடமாக ஜெபம் செய்துவந்த அதே ஆண்கள் வார்டில், ஜன்னல் ஓரக் கட்டிலைக் கொடுத்தார்கள்.

நின்றுகொண்டு பார்க்கிற வார்டு வேறு, படுத்துக்கொண்டு பார்க்கிற வார்டு வேறு. பக்கத்துக் கட்டிலில் ஒரு மீன்பிடிக்கிற தம்பி. எதிரே திண்டிவனத்துக் கரும்பு வெட்டுகிறவர். டாக்டர் எப்போது வருவார், இந்த டிரிப்ஸ் எப்போது முடியும், யாராவது ஒரு வாய் தண்ணீர் தருவார்களா என்று எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். என்னுடைய அங்கி வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஆஸ்பத்திரிச் சட்டையோடு படுத்திருக்கிற என்னை முதல் நாள் ஒருவரும் ஐயா என்று கூப்பிடவில்லை. "ஜன்னல் பெட் பெரியவர்" என்றார்கள்.

ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் காலை, என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அதே ஆயாம்மா வந்தார்கள். இந்த வருடத்தோடு அவர்களுக்கு ஓய்வு. திரைச்சீலையை இழுத்துவிட்டு, வெந்நீரும் துணியும் கொண்டுவந்து, என் உடம்பைத் துடைத்தார்கள். நான் வேண்டாம் என்றேன், என் மனைவி வருவாள் என்றேன், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "சும்மா இருங்கய்யா" என்றார்கள். பெட்பேனையும் எடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த வெட்கத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அந்த அம்மா ஒன்றையும் கவனிக்கவில்லை. வெளியே மழை வரும்போல் இருக்கிறது, துவைத்த போர்வையெல்லாம் காயாது என்று பேசிக்கொண்டே வேலையை முடித்துவிட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் வலி அதிகமாயிற்று. எனக்கு ஜெபிக்க வரவில்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் புறப்பட்ட ஆயாம்மா, கையில் சாப்பாட்டுப் பையோடு கதவருகே வந்துவிட்டார்கள். நான் கூப்பிட்டேன். "அம்மா, எனக்காகக் கொஞ்சம் ஜெபம் பண்ணுங்கள்" என்றேன். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு வருடம் ஆயிற்று!

அவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வார்டு நடுவில் நின்று கண்களை மூடினார்கள். நான் காத்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தக் கரும்பு வெட்டுகிறவர் காலுக்காக ஜெபித்தார்கள். பிறகு மீன்பிடிக்கிற தம்பிக்காக, ஊரிலே தனியாக இருக்கிற அவன் தாய்க்காக. பிறகு அன்று காலையில்தான் வந்து சேர்ந்த ஒரு சின்னப் பையனுக்காக, அவன் பேர் தெரியாததால் "அந்தக் கடைசி பெட்டுப் பிள்ளை" என்று சொல்லி. நாலாவதாகத்தான் நான் வந்தேன். ஐயா என்றோ சாப்ளின் என்றோ சொல்லவில்லை. "ஜன்னலண்டை இருக்கிற உம்முடைய பிள்ளை" என்றார்கள். நடுவில் ஒரு வசனமும் சொன்னார்கள். சரியாகச் சொன்னார்களா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. இன்றைக்கு நமக்குப் பரிமாறுகிறவர்கள் வார்டு ஆயாமாரும் துப்புரவுப் பணியாளரும். அந்த அம்மா சாம்பார் வாளியோடு வலதுபக்க வரிசையில் நிற்கிறார்கள். நான் அந்த வரிசையில்தான் உட்காரப்போகிறேன். இடம் இருக்கிறது, வாருங்கள்.